திரையில் ஒரே 'கொடுவா', பைதனுக்கு இரண்டு

கேள்வி (கல்முனை):
மாமாவின் மீன்வாடிக் கணக்கைப் பைதன் நிரல்மொழியில் எழுதி வருகிறேன். கொள்முதல், மீதி, கடன் என்று மாறிகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர்தான். அவை ஒழுங்காக ஓடுகின்றன. விலைப்பட்டியலை, பெயர் சொன்னால் விலை தரும் டிக்‌ஷனரியில் வைத்திருக்கிறேன். பாரை, சூரை கேட்டால் விலை வருகிறது. 'கொடுவா' கேட்டால் மட்டும் அப்படி ஒன்று இல்லை என்கிறது. கண்ணுக்கு எழுத்துப் பிசகே தெரியவில்லை. மாமா பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பழைய பட்டியலை யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்தேன். பேசாமல் ஆங்கிலத்துக்கே போய்விடவா?

பதில் (களுவாஞ்சிகுடி, ஆசிரியர்):
தம்பி, அவசரப்படாதீர்கள். இரண்டு கொடுவாவுக்கும் நீளத்தை எண்ணும் 'லென்' கட்டளை போட்டுப் பாருங்கள். ஒன்று 6, மற்றது 7 என்று வரும். யூனிகோடில் ஒகரக் குறிக்கு ஒரே குறியீடும் உண்டு. எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றாலும் திரையில் அதே 'கொ'தான். பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று விசை தட்டுவோம் அல்லவா? சில மாற்றிகள் அந்தத் துண்டுகளை இடம் மாற்றுவதோடு நிறுத்திவிடுகின்றன, ஒட்டுவதில்லை.

2008இல் வந்த பைதன் 3 மாறிப் பெயர்களைத் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் உங்கள் 'கொள்முதல்' தப்பியது. மேற்கோள் குறிக்குள் இருப்பதை அது தொடாது, தொடவும் கூடாது. கோப்பை வாசிக்கும் இடத்திலேயே யூனிகோடுடேட்டா தொகுதியின் 'நார்மலைஸ்' கட்டளையை துண்டுகளை ஒட்டித் தரும் என்.எஃப்.சி. வடிவத்துக்குக் கொடுங்கள். விசைப்பலகையில் தட்டி வாங்கும் பெயருக்கும் அதையே செய்யுங்கள்.

பதில் (அக்கரைப்பற்று):
பைதன் என்பதால் தப்பினீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் மாறிப் பெயரைக்கூட ஒன்றாக்கமாட்டார்கள். இரண்டு 'கொள்முதல்' இரண்டு மாறியாகவே நிற்கும். கோ (Go) என்ற நிரல்மொழி இன்னும் மோசம். பெயரில் எழுத்தும் இலக்கமும்தான் வரலாம். புள்ளியும் உயிர்க்குறியும் அதன் கணக்கில் எழுத்தே அல்ல. 'கடன்' என்று எழுதினாலே பிழை. புள்ளி இல்லாமல் தமிழில் எத்தனை சொல்தான் எழுதுவது?

கேள்வி கேட்டவர்:
சேர், கொடுவா வந்துவிட்டது, நன்றி. ஆனால் வாடி பூட்டும் நாட்களின் பட்டியலில் 'பௌர்ணமி' இன்னும் அகப்படவில்லை. பார்த்தால் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் 'ள'வும் அடித்திருக்கிறார்கள். கோப்பு முழுவதும் ஒரேயடியாக மாற்றிவிடவா?

பதில் (களுவாஞ்சிகுடி, ஆசிரியர்):
வேண்டாம். அந்த 'ள' உண்மையான எழுத்து, நார்மலைஸ் அதைக் கண்டுகொள்ளாது. நீங்கள் மொத்தமாக மாற்றினால் பௌர்ணமி சரியாகும், விலைப்பட்டியலில் கெளிறும் கெளுத்தியும் கெட்டுப்போகும். நாட்பட்டியலை மட்டும் கையால் திருத்துங்கள்.