வீட்டு ஹீட்டிங் தண்ணீர் பாதியில் நின்றுவிட்டது, வடிய மாட்டேன் என்கிறது. உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். கீழ்த்தளத்தில் சுவர் பூச்சும் தரை வேலையும் தொடங்கப் போகிறோம். கீழே உள்ள 4 ரேடியேட்டர்களையும் (அறையைச் சூடாக்க வெந்நீர் ஓடும் தகடுகள்) கழற்றணும், ஒரு குழாயையும் இடம் மாற்றணும். அதனால் தண்ணீரை முழுசாக வடித்துவிடலாம் என்று இறங்கினேன். காம்பி பாய்லர்தான் (ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பெட்டி), மேலே தொட்டி எதுவும் கிடையாது. பாய்லரை நிறுத்தி ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். காலையில் கீழ் ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் வடிகால் திருகில் ஹோஸ் மாட்டி, மறுமுனையை வெளியே தாழ்வான இடத்தில் விட்டேன். முதலில் கன்னங்கரேலென்று வேகமாக வந்தது. இரண்டு வாளி அளவு போயிருக்கும், அப்புறம் சொட்டு சொட்டாகி நின்றுவிட்டது. பிரஷர் முள் பூஜ்யத்தில் இருக்கிறது. ஆனால் மாடி ரேடியேட்டரைத் தட்டினால் நிறைகுடம் மாதிரிதான் சத்தம். திருகு அடைத்துக்கொண்டதா? நாளை மறுநாள் கொத்தனார் வருகிறார், பதற்றமாக இருக்கிறது.

பதில் 1:
அடைப்பாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். மாடி ரேடியேட்டர்களின் மேல்முனையில் இருக்கும் காற்றுத் திருகுகளைத் திறந்தீர்களா? நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. உறிஞ்சுகுழலில் தண்ணீர் எடுத்து மேல் நுனியை விரலால் மூடினால் கீழே விழாதே, அதே கதைதான் இது. மேலே காற்று புக வழி வேண்டும்.

அதற்கு முன்னால் தண்ணீர் நிரப்பும் இணைப்பின் வால்வு இறுக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அது லேசாகக் கசிந்தாலும் நாள் முழுக்க வடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பிறகு மாடியில் ஒவ்வொரு ரேடியேட்டராகத் திறங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் சரி. தண்ணீர் வெளியே வந்தால் உடனே மூடிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். கீழ்த்தளத்துத் திருகுகளை இப்போது தொடாதீர்கள், மாடி காலியான பிறகுதான்.

ரேடியேட்டர் வால்வுகள் எல்லாம் முழுசாகத் திறந்திருக்கணும். ரேடியேட்டரின் இரண்டு வால்வுகளில் மூடி போட்டிருப்பதைத் திருப்பும் முன், மூடுவதற்கு எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். ஒவ்வொரு அறைக்கும் சூடு சமமாகப் போவது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி! திறந்ததுமே உஸ்ஸென்று இழுத்தது, ஹோஸில் மறுபடியும் கொட்ட ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் ஓடியது. மாடி காலி. ஆனால் கீழே பின்னறை ரேடியேட்டர் மட்டும் இன்னும் நிறைந்தே இருக்கிறது. அதன் காற்றுத் திருகைத் திறந்தும் பயனில்லை. அதற்கு மட்டும் குழாய்கள் கூரையிலிருந்து சுவர் வழியாக இறங்குகின்றன.

பதில் 2:
காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மேலிருந்து இறங்கும் குழாயில் நிற்கும் தண்ணீர் திரும்ப மேலே ஏறி உங்கள் வடிகாலுக்கு வராது. அந்த இறக்கத்துக்குத் தனியாக ஒரு சிறு வடிகால் இருக்கணும். வால்வுக்கு அடியில் பாருங்கள், பெயின்டுக்குள் மறைந்திருக்கும். இல்லையென்றால் அகலமான தட்டு வைத்து, வால்வு இணைப்பு நட்டை மெதுவாகத் தளர்த்தி வடியுங்கள். இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று வால்வைப் பிடித்துக்கொள்ள, ஒன்று நட்டைத் திருப்ப. ஒன்றை மட்டும் வைத்துத் திருகினால் குழாயே முறுக்கிக்கொள்ளும்.

வடித்த பிறகும் ரேடியேட்டரின் அடியில் தண்ணீர் தங்கும். கழற்றியதும் துளைகளை அடைத்துவிட்டுத் தூக்குங்கள். அந்தக் கறுப்பு இரும்பு ஆக்ஸைடு, தரைவிரிப்பில் பட்டால் போகாது.

ரேடியேட்டர் கழற்றியே கிடக்கப்போகும் இடங்களில் வால்வின் தெர்மோஸ்டாட் தலையை (அறைச் சூட்டுக்கு ஏற்ப வால்வைத் திறந்து மூடுவது) மட்டும் நம்பி விடாதீர்கள். அறை குளிர்ந்தால், குழாய் உறையாமல் காக்க அது தானாகவே திறந்துகொள்ளும். இடையில் சிஸ்டத்தை நிரப்பினால் அறை வெள்ளமாகிவிடும். வால்வின் வாயில் திருகு மூடி போட்டாக வேண்டும்.

கேட்டவர்:
பெயின்டைச் சுரண்டினேன், வடிகால் இருந்தது! நாலைந்து லிட்டர் வந்தது. ரேடியேட்டர் 4ம் வெளியே வந்தாச்சு, மூடிகளும் போட்டாச்சு.

பதில் 3:
நல்லது. பாய்லரின் மின்சாரத்தையும் துண்டித்து வையுங்கள், வேலைக்கு வந்தவர் யாராவது தெரியாமல் போட்டுவிடுவார். இப்போது பிரஷர் பூஜ்யமாக இருப்பதால், விரிவுக்கலனின் (சூடாகும் தண்ணீர் விரிய இடம் தரும் கலம்) காற்றழுத்தத்தை எவரையாவது வைத்துச் சோதிக்க இதுதான் நேரம். நிறைந்திருக்கும்போது பார்த்தால் சரியான அளவு தெரியாது.

தண்ணீர் அவ்வளவு கறுப்பாக வந்ததால் கழற்றிய ரேடியேட்டர்களை வெளியே வைத்து ஹோஸால் அலசுங்கள். நிரப்பும்போது துருத்தடுப்பு மருந்து கட்டாயம், பழையது முழுக்க வெளியே போய்விட்டது. கீழ்த்தளத்திலிருந்து காற்றை எடுத்துக்கொண்டே மேலே போங்கள். ஆறிய நிலையில் பிரஷரை 1 முதல் 1.5 பார் வரை வைத்தால் போதும், உங்கள் பாய்லர் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

வடிகால் திருகுகளின் வாஷரையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பல வருஷம் நசுங்கிக் கிடந்த ரப்பர், நிரப்பிய அன்றைக்கே சொட்ட ஆரம்பிக்கும்.