புதுப்பிப்பு: வில்லின் நாணை இறக்கி வைப்பதா, ஏற்றியபடியே விடுவதா?
பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு முறையும் நாணை இறக்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒரே மரத்தில் செதுக்கிய வில்லுக்குக் கட்டாயம் இறக்க வேண்டும் என்பதே இப்போது என் முடிவு. நாண் ஏறியிருக்கும் நேரமெல்லாம் வில்லாளியை நோக்கிய பக்கத்து மர இழைகள் நெருக்குண்டே கிடப்பதால், அவை மெல்ல மெல்ல மீளும் தன்மையை இழக்கின்றன. பிறகு நாண் இல்லாதபோதும் வில் வளைந்தே நிற்கும், அம்பின் வேகமும் குறையும். நாணை இறக்கியவுடன் என் வில்லைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி தெரிகிறது. சில மணி நேரம் ஓய்வு கொடுத்தால் அதில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது.

கண்ணாடி இழை ஒட்டிய வில் சில நாள் நாணோடு இருந்தாலும் பெரிதாகக் கெடாது. ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் பசை இளகக்கூடும். எந்த வில்லானாலும், காலிடுக்கில் வளைத்து நாணேற்றினால் வில்லின் கரங்கள் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகள்) முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதால், அதற்கென உள்ள நாணேற்றும் கயிற்றையே தயவுசெய்து பயன்படுத்துங்கள்.