ஆச்சி முகத்தைக் கரியில் வரைகிறேன், கொஞ்சம் உதவுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஆடி அமாவாசைக்குள் எங்கள் ஆச்சியின் முகத்தைச் சார்கோலில் வரைந்து அம்மாவிடம் கொடுக்க ஆசை. கையில் இருப்பது பாஸ்போர்ட் அளவில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ.

கட்டம் போட்டு ஏ3 தாளில் பெரிதாக்கிவிட்டேன். கண், மூக்கு, வாய் எல்லாம் சரியான இடத்தில் வந்துவிட்டன. சிக்கல் காதில்தான். பாம்படம் போட்டு வளர்த்த காது. அதுதான் ஆச்சிக்கு அடையாளமே. தோலையும் தங்கத்தையும் ஒரே மாதிரி விரலால் தேய்த்துவிட்டேன், இப்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. பாம்படத்தின் பளபளப்புக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருக்க வேண்டும்.

முதலில் போட்ட வில்லோ கரி (வில்லோ மரக் குச்சியைச் சுட்டுச் செய்தது) துணியால் தட்டினாலே போய்விட்டது. அப்புறம் நிழலுக்காகக் கம்ப்ரெஸ்ட் சார்கோல் எடுத்தேன். அது பசை சேர்த்து இறுக்கியது என்பதால், நீடட் எரேசரால் (மாவு மாதிரி பிசையும் ரப்பர்) ஒற்றி ஒற்றி எடுத்தும் சாம்பல் கறை நிற்கிறது.

அதன்மேல் வெள்ளைச் சார்கோல் பென்சில் போடலாமா, கரியோடு கலந்து மங்கிவிடுமா? அந்த இடத்துக்கு மட்டும் முதலில் பிக்ஸேட்டிவ் (கரி உதிராமல் பிடித்து வைக்கும் ஸ்பிரே) அடித்தால் வெள்ளை நிற்குமா? இந்தத் தாளிலேயே காப்பாற்ற வழியிருந்தால் சொல்லுங்கள், அந்தக் கண்கள் இன்னொரு முறை இப்படி அமையுமா என்று பயமாக இருக்கிறது. நெல்லை டவுன், ஜங்ஷன் பக்கம் பிக்ஸேட்டிவ் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சொன்னால் நாளைக்கே போய் வாங்கிவிடுவேன்.