புதுப்பிப்பு: கோவையில் வாங்கிய பழைய கிட்டார், குன்னூர் வந்த பிறகு

போன மாதம் எழுதியது நினைவிருக்கலாம்: 9,000 ரூபாய்க்கு ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார், மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள் காந்தங்கள்). கோவையில் நன்றாகத்தான் ஒலித்தது. குன்னூருக்கு வந்த பத்தே நாளில் முதல் நான்கு ஃப்ரெட்டில் (விரல் வைக்கும் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கிட்டார் கம்பிகள் இரைய ஆரம்பித்தன. ஆம்பில் (ஒலிபெருக்கியில்) ஓயாத ஹம், அதாவது முனகல் சத்தம் வேறு. ஃப்ரெட் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடு என்று பலர் சொன்னீர்கள்.

ஃப்ரெட் மேல் பழியில்லை. மழை ஈரத்தில் மரம் ஊறி, நெக் (கிட்டாரின் கழுத்து) லேசாகப் பின்பக்கம் வளைந்திருந்தது. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழாவதில் பார்த்தேன், கம்பி ஃப்ரெட்டோடு ஒட்டிக் கிடந்தது. சுமார் 0.25 மி.மீ., அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி வேண்டும். டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி) இடப்பக்கம் கால் சுற்று தளர்த்தினேன். கை நடுங்கியது உண்மை. மறுநாள் காலை கார்டு நுழைந்தது, இரைச்சல் போயிருந்தது.

ஹம் வேறு கதை. கம்பியைத் தொட்டாலும் சத்தம் குறையவில்லை, அதாவது கம்பிகளுக்கு எர்த் கிடைக்கவில்லை; அதுதான் துப்பு. பின்மூடியைக் கழற்றினால், பிரிட்ஜின் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) ஸ்பிரிங் தகட்டில் பற்றவைத்த எர்த் ஒயர் அறுந்து தொங்கியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மிக்ஸி, டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் தூக்கிப் போனேன். "என்ன தம்பி, வீணையா?" என்று கேட்டுக்கொண்டே ஈயம் வைத்துக் கொடுத்தார். 20 ரூபாய்! சிங்கிள் காயிலுக்கே உரிய 50 ஹெர்ட்ஸ் முனகல் கொஞ்சம் இருக்கிறது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

வால்யூம் குமிழின் கரகரப்பு மட்டும் பாக்கி. அடுத்த முறை மேட்டுப்பாளையம் இறங்கும்போது கான்டாக்ட் கிளீனர் வாங்க வேண்டும்.