பழைய கல்லறைத் தோட்டங்கள்: படம் எடுத்து வைத்தால் போதாதா?

நிலக்கணக்கு:
எதிர்ப்பு வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நூறு வருடமாக யாரையும் புதைக்காத, எட்டிப் பார்க்கவும் ஆளில்லாத இடுகாடுகளை வேலி போட்டு அப்படியே வைத்திருக்கத்தான் வேண்டுமா? ஃபைண்ட் எ கிரேவ் தளம் 1995-லிருந்து இருக்கிறது. 2011-இல் வந்த பில்லியன் கிரேவ்ஸில் கைப்பேசியில் படமெடுத்தாலே இடக்குறியும் சேர்ந்து ஏறிவிடுகிறது. பெயரும் தேதியும் எந்த நாட்டிலிருந்தும் தேடக் கிடைக்கின்றன. வம்சாவளி தேடுபவருக்கு வேறென்ன வேண்டும்? கல் எப்படியும் நிற்கப் போவதில்லை. சலவைக்கல் மழையில் கரைகிறது, மணற்கல் ஏடு ஏடாக உரிகிறது. லண்டனில் 2007-இல் வந்த சட்டமே 75 வருடம் கடந்த கல்லறைகளை, முன்னறிவிப்பு கொடுத்து, மறுபடி பயன்படுத்த வழி செய்திருக்கிறது. இன்று இறப்பவர்களுக்கே இடமில்லாத ஊரில் அதுதான் நியாயம்.

வேர்தேடி:
ஐயா, உங்கள் படத்தில் ஒரு கல்தான் இருக்கும். அதன் இடப்பக்கம் யார், காலடியில் யார் என்பது இருக்காது. ஒரு உதாரணம் யோசியுங்கள். நடுவில் ஒரு ஆண், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், மூவருக்கும் ஒரே குடும்பப் பெயர். உறவு என்னவென்று எந்தக் கல்லிலும் இல்லை. ஒரு பெண் 1871-இல் இறந்திருக்கிறார், இன்னொருவர் 1902-இல். முதல் பெண்ணின் கால்மாட்டில் முழங்கால் உயரம்கூட இல்லாத மூன்று கற்கள், அவற்றில் முதலெழுத்துகள் மட்டும். அந்த இடத்தில் நின்று பார்ப்பவருக்கு மூத்த மனைவி, அவருடைய இறந்துபோன குழந்தைகள், பிறகு வந்த இளைய மனைவி என்று ஒரு குடும்பமே தெரிய ஆரம்பிக்கும். ஊகம்தான், ஆனால் எந்த ஆவணத்தைத் தேடிப் போக வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது. தளத்திலோ மூன்று பெரியவர்களும் தனித்தனிப் பக்கங்களாக இருப்பார்கள். பெயரில்லாத அந்தச் சின்னக் கற்களை ஏற்றவே பலர் மெனக்கெடுவதில்லை.

புதைத்த வரிசையிலேயே அமைந்த தோட்டமென்றால் இன்னும் எவ்வளவோ. 1918 அக்டோபர், நவம்பரில் ஒரே வரிசையில் இருபது, முப்பது வயதுக்காரர்களாகவே கிடந்தால் அந்த வருடத்து விஷக்காய்ச்சல் அந்த ஊரில் யாரைக் கொண்டுபோனது என்று தெரிந்துவிடும்.

சுண்ணக்காரை:
கல் பராமரிப்பு வேலை செய்கிறேன். இருவருக்குமே ஒரு விஷயம். கற்களை மழை மட்டும் அழிப்பதில்லை, ஆர்வலர்களும் அழிக்கிறார்கள். எழுத்து தெரியவில்லை என்று கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்கள், ப்ளீச்சிங் கரைசலை ஊற்றுகிறார்கள். ப்ளீச்சிலிருந்து தங்கும் உப்பு கல்லுக்குள் போய்ப் படிகமாகி மேல்தோலை உள்ளிருந்து தள்ளும். ஊற்றிய அன்று பளிச்சென்றுதான் இருக்கும், உரியத் தொடங்கும்போது ஊற்றியவர் அங்கே இருக்க மாட்டார். ஷேவிங் நுரை தடவிப் படமெடுப்பதும் அதே ரகம், அதிலுள்ள அமிலம் நுண்துளைகளில் தங்கிவிடும்.

எழுத்தைப் படிக்க வெளிச்சம் போதும். ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேற்பரப்பை உரசினாற்போல் திருப்புங்கள். தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், பெயர் எழுந்து நிற்கும். கல்லைத் தொடவே வேண்டாம். உடைந்த கல்லைச் சிமெண்ட் வைத்து ஒட்டுவதையும் நிறுத்துங்கள். சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி, ஈரத்தை வெளியே விடாது, கடைசியில் பிளப்பது கல்தான். சுண்ணாம்புக் காரை எதற்கு இருக்கிறது?

நிலக்கணக்கு:
நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. கை வைத்தால் கெடும் என்றால் ஆவணப்படுத்திவிட்டு விலகுவதே நல்லது. சிங்கப்பூர் புக்கிட் பிரவுனைப் பாருங்கள். 1922-இல் திறந்து 1973-இல் மூடிய இடம், ஒரு லட்சம் கல்லறைகள் வாக்கில் இருந்தன. சாலைக்காக 3,700-க்கும் மேற்பட்டவற்றைத் தோண்டி எடுத்தார்கள். அதற்கு முன் ஆவணப்படுத்தினார்கள். சாலையும் வந்தது, ஆவணமும் இருக்கிறது.

வேர்தேடி:
அங்கே அந்த வேலைக்கென்றே ஆய்வுக் குழுவை அமர்த்திச் செய்தார்கள். நீங்கள் முதலில் எழுதியது கைப்பேசிப் படத்தைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

பதிவேடு:
எல்லாரும் கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். கல் வைக்கப் பணம் வேண்டும். பல தோட்டங்களில் கல்லே இல்லாமல் கிடப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் பெயர் அடக்கப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். வயது, குழி எண், சிலவற்றில் தொழிலும் இறந்த காரணமும். கல்லோ, சாவு நடந்து பல வருடம் கழித்துக்கூட வைப்பார்கள், வயது தப்பாக இருக்கும். முதலில் காப்பாற்ற வேண்டியது அந்தப் புத்தகம். அதைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டுக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுவதில் எனக்குச் சம்மதமில்லை.

வேர்தேடி:
பதிவேடு முக்கியம், மறுக்கவே இல்லை. ஆனால் குழி எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கத் தரையும் வேண்டுமே. கல் இல்லாத குழிகளைத் தரை ஊடுருவு ரேடார் மண் கலைந்த அடையாளத்தை வைத்துக் காட்டும், பெயரைக் காட்டாது. ரேடாரும் பதிவேடும் சேர்ந்தால்தான் ஏழைக்குப் பெயரும் இடமும் இரண்டும் திரும்பக் கிடைக்கும். மேலே கட்டடம் எழுப்பிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நிலக்கணக்கு:
எந்தக் கல் எங்கே, எதன் பக்கத்தில் என்று காட்டும் தரை வரைபடம் இல்லாமல் எதையும் அகற்றக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் நிலம் காலாகாலத்துக்கும் சும்மா கிடக்க வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். எல்லாத் தகவலும் எடுத்தாகிவிட்ட பிறகு எதற்கு?

வேர்தேடி:
எல்லாத் தகவலும் எடுத்தாகிவிட்டது என்று எந்த வருடத்தில் முடிவு செய்வீர்கள்? கேமராவை அசையாமல் வைத்து, விளக்கை மட்டும் பல கோணங்களில் நகர்த்திப் படமெடுத்து, கணினியில் சேர்த்துப் படிக்கும் முறை எச்பி ஆய்வகத்தில் 2001-இல் வந்தது. கண்ணுக்கு வெறும் கல்லாகத் தெரிவதிலும் அதனால் எழுத்தைப் படிக்க முடிகிறது. 1995-இல் ஒரு படம் எடுத்துக்கொண்டு கல்லை உடைத்திருந்தால் அந்த எழுத்து போனது போனதுதான்.

பதிவேடு:
வரைபடம் போடக் கிளம்புகிறவர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் பதிவேட்டுக் குழி எண்ணையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். காலி இடங்களையும் விடாமல் வரையுங்கள். அவற்றில் பாதி காலியாக இருக்காது.