ட்ரெஸ்டன் புலம்பல்: வெட்டப்பட்ட வசனம்

பேஸ் வரிசை:
ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் லுத்தரன் கோயில் கொயரில், அதாவது பாடகர் குழுவில், பேஸ் (ஆண்களின் அடிக்குரல்) பாடுகிறேன். பிப்ரவரி 13-க்காக ருடால்ஃப் மவர்ஸ்பெர்கரின் ‘வீ லீக்ட் டீ ஷ்டட் ஸோ வூஸ்ட்’ பயிற்சி நடக்கிறது. ‘நகரம் எப்படிப் பாழாய்க் கிடக்கிறது’ என்று அர்த்தம். 1945-இல் அந்தத் தேதி இரவுதான் குண்டுவீச்சில் ட்ரெஸ்டன் எரிந்தது. அங்கே சிலுவைக் கோயிலின் சிறுவர் கொயரை நடத்தியவர் இவர். அந்தக் கொயர்ப் பிள்ளைகளில் 11 பேர் செத்துப்போனார்கள். ஆறு வாரம் கழித்து, பெரிய வெள்ளியும் மறுநாளும் உட்கார்ந்து இதை எழுதினார். ஆகஸ்ட் 4 அன்று, எரிந்து கருகிய அதே கோயிலில் முதன்முதலாகப் பாடினார்கள். வாத்தியம் கிடையாது, வெறும் குரல்கள். வரிகள் எல்லாம் லுத்தரின் ஜெர்மன் பைபிளில் உள்ள எரேமியாவின் புலம்பல் புத்தகத்திலிருந்து. போன நூற்றாண்டு ஜெர்மன் கோயில் இசையில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பேன். மறுப்பவர்கள் வரலாம்.

கரிசல்காடு:
வந்துவிட்டேன். இசையில் குறை சொல்லவில்லை, என் சண்டை அவருடைய கத்தரிக்கோலோடு. வசனங்களை அங்கங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார். நம் பைபிளில் புலம்பல் 5:17-ஐப் பாருங்கள்: “அதினால் எங்கள் இருதயம் பலட்சயமாயிற்று.” எதினால்? 16-ஆம் வசனம் சொல்கிறது: “ஐயோ! நாங்கள் பாவஞ்செய்தோமே.” இந்த மோட்டெட்டில் (பைபிள் வரிகளுக்கு அமைத்த கொயர் பாட்டில்) 17 இருக்கிறது, 16 இல்லை. 1:9-இலும் நகரத்தைப் பெண்ணாகப் பாவித்து அவளுடைய தீட்டைச் சொல்லும் முதல் பாதியை விட்டுவிட்டு, ‘முடிவை நினைக்கவில்லை, தேற்றுவார் இல்லை’ என்ற மீதியை மட்டும் எடுத்திருக்கிறார். ஜெர்மனில் ‘தாரூம்’ என்றால் ‘அதினால்’, ‘வாரூம்’ என்றால் ‘ஏன்’. காரணத்தை வெட்டிப் போட்டுவிட்டு, அடுத்த மூச்சில் ‘வாரூம், வாரூம்’ என்று கடவுளைக் கேட்டால் எப்படி? அதே ட்ரெஸ்டனில் 1938 நவம்பரில் யூதர்களின் ஜெபாலயத்தை எரித்தார்கள். இவரோ 1933-லிருந்து நாஜிக் கட்சி உறுப்பினர்.

பழைய ஆர்மோனியம்:
பாக்கின் கோயில் இசை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பேஸ் வரிசை:
ஐயா, அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து சண்டை போடுகிறேன்.

கரிசல், கட்சி விஷயத்தை மறைக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை போர் முடியவில்லை, ஹிட்லர் உயிரோடு இருந்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு வாத்தியார் இரண்டு நாளில் எழுதியது இது. இழவு வீட்டில் போய் ‘உன் தப்பு என்ன, சொல்’ என்று கேட்போமா?

கரிசல்காடு:
மார்ச்சில் எழுதினார், சரி. ஆகஸ்டில் பாடும்போது நாஜிகள் செய்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒரு வரி சேர்த்திருக்கலாம். இழவு வீடு ஒரு நாளோடு போகும், இதை வருஷா வருஷம் பாடுகிறீர்கள். அதே பிப்ரவரி 13-இல் நவ நாஜிகளும் அந்த ஊரில் ‘நாங்கள்தான் பலியானவர்கள்’ என்று ஊர்வலம் போனார்கள். குற்றம் விட்டுப்போன புலம்பல் அவர்களுக்கு வசதிதானே?

நாலுகட்டை:
கொஞ்சம் குறுக்கே வருகிறேன். புலம்பல் புத்தகம் 5:22-இல் கடவுளின் கடுங்கோபத்தோடு முடிகிறது. மவர்ஸ்பெர்கர் அதையும் எடுக்கவில்லை. ‘எங்களை உம்மிடத்தில் திருப்பும்’ என்ற 21-ஐப் பாடிவிட்டு, ‘ஆண்டவரே, என் சிறுமையைப் பாரும்’ என்று 1:9-இன் கடைசிக்குத் திரும்பிவிடுகிறார். குற்றத்தை மட்டும் ஒளித்தார் என்பது அரைக்கணக்கு, தீர்ப்பையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறார். மிச்சம் இருப்பது மன்றாட்டு மட்டும். அது நியாயமா என்பது வேறு கேள்வி.

கரிசல்காடு:
22-ஐ நான் கவனிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ‘தாரூம்’ அந்தரத்தில்தான் தொங்குகிறது.

பேஸ் வரிசை:
நேற்றுப் பயிற்சியில் அந்த இடம் வந்தபோது உங்கள் நினைப்பு வந்து தொலைத்தது, ஒரு மாத்திரை தாமதமாகத்தான் சேர்ந்தேன். பாடுவதற்கு முன் 5:16-ஐ யாராவது வாசிக்கலாமா என்று எங்கள் கொயர் மாஸ்டரிடம் கேட்கப் போகிறேன்.

கரிசல்காடு:
முன்னால் வாசித்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். ‘தாரூம்’ வரும்போது நிறுத்தி வாசியுங்கள்.

பேஸ் வரிசை:
நடுவில் நிறுத்துவதா? ஆர்கன் கூட இல்லை சார். இப்போதே எங்கள் சோப்ரானோக்கள் (மேல்குரல்காரர்கள்) கடைசிப் பக்கம் வருவதற்குள் அரை ஸ்வரம் இறங்கிவிடுகிறார்கள்.