காந்தி வெள்ளிக்காசு, ப்ரூஃபா? போட்டோ பார்த்துச் சொல்லுங்க (அவசரம்)

கோபி_காசுப்பெட்டி
வணக்கமுங்க. காந்தி வெள்ளிக்காசு, ப்ரூஃப் (சேகரிப்பவர்களுக்காகத் தனியாக அடித்த காசு) என்று சொல்லி ஒருத்தர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருக்கிறார். ரெண்டு பக்கமும் போட்டிருக்கிறேன். நல்லாப் பளபளன்னு இருக்கு, ஆனால் தலைக்குப் பின்னால் கோடு கோடாகத் தெரிகிறது. கண்டிஷன் எப்படி? சாயங்காலத்துக்குள் அவருக்குப் பதில் சொல்லணும்.

நொய்யல்கரை
எந்தக் காந்தி? 1969-இல் வந்த பத்து ரூபாயா, தண்டி யாத்திரை நூறு ரூபாயா? கவரோடு எடுத்த போட்டோவா? விலை என்ன சொல்கிறார்?

பொள்ளாச்சி_சந்தை
கோடுன்னா ஹேர்லைன்தான், துடைத்ததில் விழுகிற முடி மாதிரி மெல்லிசான கீறல். யாரோ வேட்டி முனையில் துடைத்திருக்கிறார்கள். விட்டுத் தள்ளுங்க.

அவிநாசி_ரோடு
அண்ணா, அதற்குள் தீர்ப்பு எழுதாதீங்க. கவரில் விழுந்த கீறலும் போட்டோவில் இப்படித்தான் தெரியும். காசைச் சாய்த்துச் சாய்த்து நாலு போட்டோ கேட்கச் சொல்லுங்க. கவர்க் கீறல் காசை விட்டு விலகி நகரும்.

பொள்ளாச்சி_சந்தை
ஓரத்தில் பால் படிந்த மாதிரி வெளுப்பு தெரிகிறதே, அதுவும் கவரா? எனக்கென்னமோ பிவிசி பிளாஸ்டிக் கவரில் வருசக்கணக்காகக் கிடந்த காசு மாதிரிதான் தெரியுது.

கோபி_காசுப்பெட்டி
பத்து ரூபாய்தானுங்க. கவரோடுதான் எடுத்திருக்கிறார். விலையை வெளியே சொல்ல வேண்டாம் என்றார்.

காசுவாத்தியார்
இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கிற பழக்கம்தான் ஒருத்தருக்கும் இல்லை. ப்ரூஃப் என்பது பளபளப்பின் பெயர் அல்ல, அடித்த விதத்தின் பெயர். டையையும் (உருவத்தைப் பதிக்கிற அச்சு) உருவம் பதியாத வெறும் தகட்டையும் மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பார்கள். அதனால்தான் தரை, அதாவது உருவமில்லாத சமதளப் பகுதி, கண்ணாடியாக நிற்கிறது. கண்ணாடியைப் போட்டோ பிடித்தால் எதிரில் இருப்பதுதான் விழும். ஒரு கோணத்தில் கறுப்பு, இன்னொரு கோணத்தில் வெள்ளை. உங்கள் போட்டோவில் காந்தியின் நெற்றி மேல் கிடப்பது டியூப்லைட். அதை வைத்து 70-க்கு 65-ஆ 60-ஆ என்று கிரேடு சொல்கிறவர் ஜோசியம் பார்க்கலாம்.

ரூமில் மற்ற விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச் ஒன்றை மட்டும் வைத்து, காசைத் திருப்பித் திருப்பி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். துடைத்த கோடு வெளிச்சம் சரியான கோணத்தில் பட்டதும் பளிச்சிடும். அது பள்ளமான கோடு, தரையிலும் ஓடும், முகத்தின் மேலும் ஏறி ஓடும். டையை மெருகேற்றியபோது விழுந்த கோடு காசில் மேடாக இருக்கும், உருவத்தின் விளிம்பு வந்ததும் நின்றுவிடும். இரண்டும் ஒன்றல்ல. முன்னது விலையைக் குறைக்கும், பின்னது பிறவிக்குறி.

நொய்யல்கரை
வாத்தியாரே, பாடம் எல்லாம் சரி. பெரிய கேள்வியை யாருமே கேட்கலையே. 1869-1948 என்ற வரிக்குக் கீழே, எந்த ஆலையில் அடித்த காசு என்று காட்டுகிற குறி என்ன இருக்கு? அந்த இடத்தில் அவர் கட்டைவிரல் மறைக்கிறது. பம்பாய் ப்ரூஃப் என்றால் ஆங்கில 'பி' எழுத்து இருக்கணும். டைமண்ட் குறி என்றால் அது பம்பாய் சாதாரணக் காசு. குறியே இல்லாவிட்டால் கல்கத்தா. சாதாரணக் காசை மெருகு மிஷினில் போட்டுப் பளபளக்க வைத்து ப்ரூஃப் என்று தள்ளுகிற ஆள் உண்டு. அதில் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், தரையில் தெரிகிற பிம்பம் நெளியும்.

சேலம்_கொலுசு
இதுக்கு எதுக்குங்க இவ்வளவு கலாட்டா? பூந்திக்கொட்டைத் தண்ணியில் ஊறவைத்து மெல்லிசு பிரஷ் போட்டால் வெளுப்பெல்லாம் போய்விடும். எங்க பட்டறையில் வெள்ளியை அப்படித்தான் கழுவுகிறோம்.

காசுவாத்தியார்
கொலுசுக்கு நல்லது. ப்ரூஃபுக்கு எமன். பிரஷ் பட்ட கணமே ஹேர்லைன். பிவிசி பிசுக்கு என்றால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுங்கள், தேய்க்கக் கூடாது.

சேலம்_கொலுசு
கரூர் அமராவதி ஆத்தில் எடுக்கிற ரோமக் காசையெல்லாம் கழுவாமலா விற்கிறார்கள்?

அவிநாசி_ரோடு
மண்ணில் கிடந்த காசும் டப்பாவில் கிடந்த காசும் ஒண்ணா? கோயம்புத்தூர் பக்கம் வெள்ளலூரில் கிடைத்த ரோமக் காசுப் புதையலைக்கூட இன்னைக்குப் பூந்திக்கொட்டையில் போடச் சொல்வீங்க போல.

சேலம்_கொலுசு
நான் எப்போ வெள்ளலூர் சொன்னேன்?

பொள்ளாச்சி_சந்தை
கணக்குக்கு ஒன்று. காசு 15 கிராம், வெள்ளி 80 சதம். அதாவது 12 கிராம் சுத்த வெள்ளி. இன்றைய விலையில் பெருக்கிப் பாருங்க. அதுக்கு மேலே கேட்கிற பணத்துக்கு 'பி' பதில் சொல்லணும்.

நொய்யல்கரை
கோபிக்காரரே, கட்டைவிரலை எடுத்துப் போட்டோ வந்துச்சா?

கோபி_காசுப்பெட்டி
வந்துச்சுங்க. டைமண்ட்தான். வேண்டாமுன்னுட்டேன். எல்லாருக்கும் நன்றி.

காசுவாத்தியார்
அந்தப் போட்டோவையும் இங்கே போடுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.

சேலம்_கொலுசு
டைமண்ட் என்றால் ப்ரூஃப் இல்லை. அப்போ பூந்திக்கொட்டை போடலாமில்ல?

அவிநாசி_ரோடு
ஐயோ சாமி.